சாயங்காலப் பசிக்கும் ஓர் அளவு வேண்டும்

எங்கள் சமயநல்லூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நடை போனால், டியூஷன் வாசல்களில் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரு கையில் நோட்டு, மறு கையில் ஐந்து ரூபாய் பாக்கெட். என் பேரனும் அதில் ஒருவன். பாக்கெட் வாங்கக் காசு கொடுப்பவன் நான்தான். ராத்திரி அவன் தட்டில் சோறு அப்படியே மீந்து கிடக்கும்போதுதான் மனசு உறுத்துகிறது.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நம் மாநிலம் முன்னோடி. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையிலேயே தொடங்கிய காலை உணவு. மதியச் சாப்பாட்டுக்கு எழுதிவைத்த அளவும் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம்.

ஆனால் மதியம் சாப்பிட்ட பிள்ளை ராத்திரி எட்டு மணிக்குத்தான் மறுபடி தட்டில் உட்காருகிறது. நடுவில் பள்ளி, பிறகு டியூஷன். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் சாயங்கால வகுப்புக்குத்தான் ஏற்பாடு இருந்தது, வயிற்றுக்கு இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பொதுத்தேர்வுச் சிறப்பு வகுப்புக்குச் சிற்றுண்டி கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். பசி பத்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறதா என்ன?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைக்கும் எந்த இடமானாலும், அரசு மையமோ தனியார் டியூஷனோ, ஒரு சின்ன அளவு எழுதி ஒட்டட்டும்: 30 கிராம் கொண்டைக்கடலை அவித்த சுண்டல், அல்லது ஒரு முட்டை. இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடவே ஒரு வாழைப்பழம், நல்ல தண்ணீர். பாக்கெட் உள்ளே வரக்கூடாது.

"யார் அவிப்பது, யார் காசு கொடுப்பது?" என்பீர்கள். டியூஷனில் ஃபீஸோடு சேர்த்து வாங்கலாம். அரசு மையமென்றால் அரசுதான் கொடுக்க வேண்டும். சத்துணவையும் வீண் செலவு என்று சொன்னவர்கள் உண்டு. இன்று அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

நம் காலத்தில் பள்ளி விட்டு வந்தால் அவித்த கடலையோ சீனிக்கிழங்கோ காத்திருக்கும். வீட்டில் கொடுக்க ஆள் இருந்தது. இப்போது அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கிண்ணத்தைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நியாயம்.

நாளை முதல் பேரனுக்கு ஐந்து ரூபாய் கிடையாது. ராத்திரியே கடலை ஊறப்போடப் போகிறேன்.