சிறுநீரகத்தில் ஒரு பாறை

2023 ஜூன் முதல் நாள், கொழும்பு இராணுவ மருத்துவமனையில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் அறுவை செய்து அகற்றப்பட்டது. நீளம் 13.372 செ.மீ.; எடை 801 கிராம். சிறுநீரகத்தின் எடையோ ஏறத்தாழ 150 கிராம்தான்! கின்னஸ் நூலார் இதனை உலகச் சாதனையாகப் பதிவு செய்தனர். ஆயினும், அச்சிறுநீரகம் பழுதின்றி இயங்கியதே மருத்துவர்க்குப் பெரிதாகத் தோன்றிற்று.

எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. கல் சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொண்டால், சிலருக்கு வலியே இன்றிச் சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு.

கல் தோன்றுவது எவ்வாறு? உடலின் நீர் வியர்வையாய் வெளியேறுகையில் சிறுநீர் குறைந்து செறிவடைகின்றது. அதிலுள்ள உப்புகள் படிகங்களாகித் திரள்கின்றன. ஆதலின், வல்லக்கோட்டையைச் சூழ்ந்த ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளில் வெப்பத்தினிடையே உழைப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கழிப்பறைக்குச் செல்ல நேரமில்லை என்று தண்ணீரைத் தவிர்த்தல் பெருந்தீங்கு.

தாய்மார்களே, பணிக்குச் செல்வோர் கையில் உணவுடன் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். சிறுநீர் வெளிர்நிறமாய்க் கழியுமளவு அவர்கள் பருகட்டும். உணவில் உப்பைக் குறையுங்கள். விலாவில் வலியோடு காய்ச்சலோ, சிறுநீரில் குருதியோ காணின், கைமருந்தில் நாள் கடத்தாது உடனே மருத்துவரை அணுகுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், கத்தியின்றி அதிர்வலைகளாலேயே பல கற்களை உடைத்துவிடலாம்.