தோல் தீட்டாம்! தோலில் வந்த காசு தீட்டில்லையாம்!

தோலைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன், ஆகையால் அவன் சேரியில்தான் இருக்கவேண்டும் என்பதாக நம் நாட்டு வைதீகர்கள் பல நூறு வருஷங்களாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்தத் தீட்டின் யோக்கியதை என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, அந்த வேலைதான் என்ன? உரித்த தோலை அப்படியே போட்டுவிட்டால் அழுகி நாறிப்போகும். அதற்கு உப்பிட்டு, தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் சில நாள் போட்டால் மயிர் கழலும். ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழித்து, சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரில் பல நாள் போட்டுப் புரட்ட வேண்டும். பிறகு கடுக்காய்ச் சாறு ஏற்றி, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்தினால் அது பல வருஷம் கெடாது. காரணம், பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரைப் பற்றி இறுகி, அழுகச் செய்யும் கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. இதைக் குடிசை வாசலில் ஒரு குழியையும் இரண்டு பானைகளையும் வைத்துக்கொண்டு கண்டறிந்தவன் இரசாயன சாஸ்திரி அல்லாமல் வேறு யார்? மந்திரத்தினால் ஒரு ஆட்டுத் தோலாவது பதப்பட்டதுண்டா?

செத்த மாட்டின் தோல் தீட்டென்றால், பூணூல் கலியாணத்தில் பிள்ளைக்குக் கட்டும் மான்தோல் உயிருள்ள மானின் தோலா? சிவபெருமான் அரையில் புலித்தோல் என்று பாடும்போது மட்டும் தீட்டு எங்கே ஓடி ஒளிந்தது?

நிற்க, செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள குரோம்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் எப்படி வந்தது? 1912 வாக்கில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஏற்படுத்திய குரோம் தோல் கம்பெனியால் வந்தது. இன்று அந்த ஊரில் வீட்டுமனை வாங்கும் வைதீகர் யாராவது "தோல் பெயர் கொண்ட ஊர் வேண்டாம்" என்கிறாரா? 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே தோலைத் தொட்டுப் படித்தால் பட்டம், உத்தியோகம், மரியாதை. சேரியில் அதே தோலைத் தொட்டால் தீட்டு! ஆகவே தீட்டு தோலில் இல்லை, தொடுகிறவனின் பிறப்பில்தான் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கவில்லையா?

சங்கீதத்தைப் பாருங்கள். மாடு, எருமை, ஆடு இவைகளின் தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. மாமல்லபுரத்து நாட்டிய விழாவிலும் அந்தத் தோல்தான் தாளம் போடுகிறது. ஆனால் மிருதங்கம் செய்யும் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புஸ்தகம் எழுதியபோது, திருவான்மியூரிலிருக்கும் கலாக்ஷேத்திரா, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சமூக ஒற்றுமை கெடுமாம்! தோல் மேடையேறினால் கெடாத ஒற்றுமை, தோல் பதம் செய்தவன் பெயர் மேடையேறினால் கெட்டுவிடுமா?

இவ்வளவும் சொல்வதால், தோல் வேலை செய்பவன் பிள்ளை தோல் வேலையே செய்யட்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். "நல்ல தொழில், அப்பன் தொழில், விடாதே" என்று முதுகைத் தட்டிக்கொடுப்பதும் ஒரு தந்திரமேயாகும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் அந்தத் தந்திரந்தான். அதை மக்கள் எதிர்த்து 1954-ல் ஒழித்தார்கள். தொழில் விருப்பத்தையும் படிப்பையும் பொறுத்திருக்க வேண்டுமேயொழிய, தொட்டிலைப் பொறுத்திருக்கக் கூடாது.

1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. பெயருக்குப் பின்னால் இருந்த வாலைப் பலரும் வெட்டிவிட்டார்கள். மனதிற்குள் இருக்கும் வாலை வெட்டினார்களா? தோழர்களே! காலில் செருப்பு மாட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தோலைப் பதம் செய்தவன் உங்கள் வீட்டுத் திண்ணையில் சமமாக உட்காரக்கூடாதென்றால், அந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ளும் யோக்கியதை உங்களுக்கு உண்டா?