வெள்ளகவியும் மீட்புப் பயிற்சியும்

மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான சேதி ஒன்று வருவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அதாவது, கொடைக்கானல், வட்டக்கானல், வெள்ளகவி முதலிய இடங்களில் பெய்த மழையால் பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியில் வெள்ளம் பெருகிவிட்டதென்றும், ஆகையால் உல்லாசப் பிரயாணிகள் அங்கு குளிக்க வனத்துறையார் தடை விதித்திருக்கிறார்கள் என்றும் வரும். குளிக்க வந்தவர்களின் உயிருக்கு எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எந்த மலையில் பெய்ததோ அந்த மலையிலேயே குடியிருக்கிற மனிதர்களின் கதி அன்றைக்கு என்னவாயிற்று என்பதற்கு அச்சேதியில் ஒரு வரிகூட இருப்பதில்லை. வெள்ளகவி என்றால் மழை பெய்கிற ஓர் இடம், அவ்வளவுதான்.

அவ்வூர் பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் இருப்பது. 1914ல் மோட்டார் ரோடு முடிவதற்கு முன் வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் கொடைக்கானலுக்கு எப்படி ஏறினார்கள்? கூலிகளின் தோள்மேல் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டு ஏறினார்கள். துரைகள் போய்விட்டார்கள். சுயராஜ்யம் வந்தும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. டோலி மாத்திரம் போகவில்லை. பிரசவ வேதனைப்படும் பெண்ணையும், பாம்பு கடித்தவனையும், மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனையும் கம்பில் போர்வையைக் கட்டி மேலே வட்டக்கானலுக்கோ கீழே அடிவாரத்துக்கோ தூக்கிக்கொண்டு நடப்பதே அவ்வூராருக்கு நெடுங்காலமாக வாய்த்த வைத்திய வசதி. 108 வண்டி ரோடு நிற்கிற இடத்தில் நின்றுவிடும். ரோடு போட்டுவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்லுகிறார்கள். ரோடு வேண்டியதுதான். ஆனால் பெருமழையில் மலையில் முதலில் சரிவதும் அந்த ரோடுதானே?

கோவில்களுக்கு அங்கு பஞ்சமில்லை. அந்தச் சிற்றூரில் இருபதுக்கும் மேற்பட்ட கோவில்கள் என்று சொல்லுகிறார்கள். ஊருக்குள் எவரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோவில் என்கிற எண்ணம். இத்தனை சாமிகள் காவல் இருந்தும் நோயாளியைத் தூக்கியது மனிதன் தோள்தானே தவிர, எந்தச் சாமியும் டோலியின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1ந் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் வீட்டோடு புதைந்தார்கள். அடுத்த சில நாட்களில் தீபத்திற்கு மலையேறலாமா என்கிற கேள்வி வந்தபோது யாரைக் கேட்டார்கள்? ஐதீகத்தைக் கேட்கவில்லை, குருக்களைக் கேட்கவில்லை. மண்ணைப் பரிசோதிக்கும் நிபுணர்களைக் கேட்டார்கள். பொதுமக்கள் ஏற அனுமதியில்லை என்றும் உத்தரவாயிற்று. இந்தப் புத்தி புயலுக்கு முன்பே வந்தால் உயிர் பிழைக்கும் என்பதே நாம் சொல்வது.

நிற்க, 2018 நவம்பர் 16ந் தேதி விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் கடற்கரையோடு நிற்கவில்லை. திண்டுக்கல் வழியாக மேற்கே போய், கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, மண்ணைச் சரித்து, பாதைகளை அடைத்தது. அப்படிப்பட்ட இரவில் வெள்ளகவிக்கு முதலில் யார் வரமுடியும்? தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாளம் இருப்பது அரக்கோணத்தில். நானூறு கிலோமீட்டருக்கு மேல். கொடைக்கானல் தீயணைப்புக்காரர்கள்கூட விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டுதான் வரவேண்டும். 2024 ஜூலை 30ந் தேதி வயநாட்டில் நடுநிசிக்குப் பின் மலை சரிந்தபோது சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ராணுவத்தார் 190 அடி இரும்புப் பாலம் போட்டு முடிப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. முதல் நாழிகைகளில் சேற்றிலிருந்து ஆட்களை இழுத்தவர்கள் அக்கம்பக்கத்தாரே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயிலும் வெந்தவர்களைத் தேடி முதலில் ஏறியது மலை ஜனங்களே.

ஆகவே முதலில் வருகிறவன் ஊர்க்காரன்தான். அவனுக்குப் பயிற்சி உண்டா என்பதே கேள்வி. மத்திய சர்க்கார் 2016ல் ‘ஆப்த மித்ரா’ என்று ஒரு திட்டம் துவக்கி, பிறகு ஒரு லட்சம் தொண்டர்களுக்கு என்று விரித்தார்கள். பன்னிரண்டு நாள் பயிற்சி. நல்ல காரியம். ஆனால் அன்றாடம் கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்கிறவன் பன்னிரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வந்து எப்படிப் படிப்பான்? படித்த வாலிபர்களும் பட்டணத்துப் பிள்ளைகளும் சர்டிபிகேட்டு வாங்குவதற்காக அல்லவே இந்தத் திட்டம்!

சொல்லிக்கொடுக்க வேண்டியவை அப்படியொன்றும் மாய வித்தையல்ல. முதுகெலும்பு முறிந்தவனைப் போர்வையில் வளைத்துத் தூக்கினால் கால் நிரந்தரமாக விளங்காமற் போகலாம். பலகையில் கிடத்திக் கட்டவேண்டும். பாம்பு கடித்த இடத்தை அறுக்கவும் கூடாது, கயிற்றால் இறுக்கவும் கூடாது. அசையாமல் தூக்கி விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இடி விழுந்தவன் உடம்பில் மின்சாரம் தங்கியிராது. தொட்டால் நமக்கும் பாயும் என்று பயந்து நிற்கிற அந்தச் சில நிமிஷத்தில்தான் அவன் சாகிறான். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் நடுமார்பில் இரண்டு அங்குல ஆழத்துக்கு நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை அழுத்தவேண்டும். நம் பெரியவர்கள் இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று கூவச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் வெளியே தலைகாட்டாதே என்று எவரும் சொல்லவில்லை. ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, நேராக நின்ற மரம் சாய்வது, ஓடை மழையிலேயே வற்றுவது இவையெல்லாம் மலை சரியப் போவதற்கு அடையாளங்கள். இவற்றில் பலவற்றை மலைவாசிகள் நமக்கே சொல்லித்தருவார்கள். கண்ணால் பார்த்துத் திரும்பத் திரும்பச் சோதித்து அறிந்ததை நாம் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டோம்.

இன்னொரு பாடம் எந்தப் பயிற்சிப் புஸ்தகத்திலும் முதற்பக்கத்தில் இருக்கவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து முகாம்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஒதுக்கிவைத்ததும், பொதுத் தண்ணீரை அவர்கள் எடுக்கவிடாமல் தடுத்ததும் ஊரறிந்த விஷயம். கடலுக்கு இல்லாத ஜாதி கரையேறிப் பிழைத்தவனுக்கு இருந்தது! இன்னாரைத் தொடமாட்டேன் என்பவனுக்கு மீட்புச் சட்டை கொடுப்பது தண்டம். அதேபோல் ஆண்கள் வேலைக்கு வெளியே போயிருக்கும் பகலில் ஊரில் இருப்பவர்கள் பெண்கள். பிரசவமும் அவர்களுக்குத்தான். அப்படியிருக்க, பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது ஆண்களையே தேடுவது என்ன நியாயம்? பாதிப் பேராவது பெண்களாக இருக்கவேண்டும்.

திண்டுக்கல் ஜில்லா அதிகாரிகளை நாம் கேட்பது இதுதான். பயிற்சி கொடுப்பவர்கள் வெள்ளகவிக்கு நடந்து போகட்டும். அந்தப் பாதையை நடந்து பார்ப்பதே அவர்களுக்கு முதற்பாடமாகும். பன்னிரண்டு நாளுக்கும் நாட்கூலி கொடுக்கட்டும். மடக்குத் தூக்குக்கட்டில், கயிறு, மின்விளக்கு, கம்பியில்லாத் தந்திக் கருவி, மழைமானி இவை கொடைக்கானலில் பூட்டிக் கிடக்காமல் ஊரிலேயே இருக்கட்டும். வைக்க இடமில்லை என்றால் உறுதியான கட்டடமாகப் பார்த்துக் கோவில் ஒன்றிலேயே வைக்கலாம். சாமிக்கு ஆட்சேபணை இருந்தால் அதுவே வந்து சொல்லட்டும். வடகிழக்குப் பருவமழை துவங்குவது அக்டோபரில். அதற்குள் முதல் கோஷ்டியின் பயிற்சி முடிந்தாக வேண்டும்.