தொட்டுக்க என்ன?





ஜனவரி முதல் தேதி எங்கள் தெருமுனைப் பூங்காவில் நடக்க இடமில்லை. புது ஷூ, புது டி-ஷர்ட், மணிக்கட்டில் அடி எண்ணும் பட்டை என்று ஒரே கூட்டம். காணும் பொங்கலுக்கு மறுநாள் போனேன். வழக்கமாக வரும் ஏழெட்டுப் பெரியவர்கள், இரண்டு நாய்கள், நான். அவ்வளவுதான். பூங்காக் காவலர் சிரித்தார். "எல்லாரும் அடுத்த வருஷம் வந்துடுவாங்கம்மா" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேலி செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த ஜனவரிக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. "ஒரு அஞ்சாறு கிலோ குறைங்க, மருந்தே வேண்டியிருக்காது" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுப் பெண் என் போனில் கலோரி எண்ணும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். சாப்பிடுகிற ஒவ்வொன்றையும் அதில் எழுதிவிட வேண்டும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றாள்.

காலையில் மூன்று இட்லி. எழுதிவிட்டேன். மதியம் வத்தக்குழம்பு. அங்கேதான் வந்தது வினை. எத்தனை கப் என்று கேட்டது செயலி. குழம்பைக் கப்பில் அளந்து ஊற்றுகிறவர்கள் யார்? சரி, எண்ணெய்க் கணக்கையாவது பிடிப்போம் என்று அம்மாவிடம், தாளிக்கும்போது எத்தனை ஸ்பூன் ஊற்றினாய் என்று கேட்டேன். "கண்ணளவுதான்" என்றாள். அப்புறம் தட்டின் முன்னால் போனை நோண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "என்னடி இது, சாப்பிடறதுக்கு முன்னாடி பரீட்சை எழுதறே?" என்றாள்.

பத்தொன்பது நாள் பரீட்சை எழுதினேன். இருபதாம் நாள் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்தேன். இனிப்புப் பச்சடியிலிருந்து ஆரம்பித்து எழுதினால் பாயசம் வரும்போது அடுத்த பந்தி முடிந்திருக்கும். போனைக் கைப்பைக்குள் போட்டேன். அந்தச் செயலியை அதற்குப் பிறகு திறக்கவில்லை.

தோற்றது நான்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கலோரி எண்ணுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று படித்த பிறகுதான் மனசு சமாதானமானது. எந்தச் சத்தில் எவ்வளவு ஆற்றல் என்று 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கணக்கெடுத்தவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர். அதை வீட்டுச் சமையலறை வரைக்கும் கொண்டுபோனவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர். 1918-ல் அவர் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் கட்சி. அவர்கள் தட்டில் ரொட்டி ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம், இறைச்சித் துண்டு ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கும். எண்ணிவிடலாம். நம்முடையது பிசைந்து சாப்பிடுகிற சாப்பாடு. பிசைந்ததை எப்படி எண்ணுவது?

கலோரி என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. செலவழிப்பதைவிட அதிகம் தின்றால் உடம்பு ஏறத்தான் செய்யும். அந்தக் கணக்கை நாம் உட்கார்ந்து எழுத வேண்டுமா என்பதுதான் கேள்வி. எழுதாமலே இளைக்கலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த சாப்பாடு, மறு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த சாப்பாடு. யாருக்கும் கலோரி வரம்பு கிடையாது. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள் என்பது இரு தரப்புக்கும் பொதுவான அறிவுரை. 2018-ல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் சராசரியாக ஒரு தரப்பு 5.3 கிலோவும் மறு தரப்பு 6 கிலோவும் குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வீட்டுச் சாப்பாடுதான்.

அடுத்த வருடம் கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் ஆய்வு வெளியானது. 20 பேரை ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட்டிலும் டப்பாவிலும் வருகிற ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலைத் தயாரிப்பைச் சாப்பிட்ட வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளியிருந்தார்கள். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. சமைத்த சாப்பாட்டில் அதே அளவு இறங்கியது.

அவசரப்பட்டு இளைத்தவர்கள் கதையையும் ஹால் விடவில்லை. யார் அதிகம் எடை குறைக்கிறார் என்று போட்டி நடத்தும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார். 30 வாரத்தில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதோடு, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்துபோயிருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு சிக்கனத்துக்குப் போய்விட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடையோடு இருக்கிறார்கள். நாடு முழுக்க நடந்த இன்னோர் ஆய்வு, நமக்குக் கிடைக்கும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தின் அளவு குறைய வேண்டும் என்றும் சொல்கிறது. 'ராத்திரி சப்பாத்திதாங்க' என்று சொல்லிக்கொண்டு குருமாவோடு ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம். நான் படித்தேன்.

இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் விடை கிடைத்தது ஒரு வார்த்தையில். 'தொட்டுக்க என்ன?' என்று தினமும் கேட்கிறோம் அல்லவா? காயும் கீரையும் கூட்டும் நம் பாஷையில் 'தொட்டுக்கொள்ள' மட்டுமே. சோற்றுமலை ஒன்று, அதன் அடிவாரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல். அந்த இரண்டு ஸ்பூனை வைத்துக்கொண்டு சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று ஓட்டிவிடுவோம்.

நான் செய்தது இதைத் திருப்பிப் போட்டதுதான். ஒருநாள் தட்டில் பாதிக்கு அவரைக்காய்ப் பொரியலை வைத்தேன். கால்வாசிக்குப் பருப்புக் கூட்டு. மிச்சக் காலில் சோறு. அம்மா பதறிப்போனாள். "தொட்டுக்கறதே இவ்வளவு வச்சா சோத்தை எங்கேடி போடறது?" நியாயமான கேள்வி. நான் பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டு, கடைசியில் சோற்றுக்குப் போனேன். காயும் பருப்பும் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அத்தனை வேகமாக ஏறுவதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாத ஒன்றை நானே கண்டேன். சோற்றுக்கு வரும்போது பாதிப் பசி அடங்கியிருந்தது.

ஆனால் என் தட்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. பானையில் சோறு மிஞ்சியது. மிஞ்சியதை யார் சாப்பிடுவது? பெண்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, சட்டியின் ஓரத்தில் ஒட்டிய உப்புமா, 'இவ்வளவூண்டை எங்கே எடுத்து வைப்பது' என்று வழித்துப் போட்டுக்கொண்ட சோறு. எந்தச் செயலியிலும் இந்தச் சாப்பாடு பதிவாவதில்லை. பசிக்காகச் சாப்பிட்டது இல்லை, பாத்திரம் காலியாவதற்காகச் சாப்பிட்டது.

அதனால் அளவைத் தட்டிலிருந்து அரிசி டின்னுக்கு மாற்றினோம். நாலு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி போட்ட வீடு, ஒன்றரை டம்ளருக்கு வந்தது. அந்த அரை டம்ளருக்குப் பதிலாகக் கால் கிலோ காய் கூடுதலாக நறுக்க வேண்டியிருந்தது. நறுக்குகிற வேலை வீட்டு ஆண்களுக்குப் போனது. இந்த வைத்தியத்தில் ரொம்பக் கஷ்டமான பகுதி இதுதான் என்று அவர்கள் சொல்லக் கேள்வி.

மாதக் கடைசியில் மளிகைச் சீட்டைப் பார்த்தேன். ஒரு வீட்டின் உடம்பு அதில்தான் இருக்கிறது. நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு நாலைந்து கிராம். மாதம் ஒரு கிலோ சர்க்கரையை ஒரே ஆள் குடித்து முடிக்கிறோம். நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக ஆறு வாரத்தில் குறைத்தேன். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் ஒன்பதாம் நாள் டீக்கடையில் நின்றிருப்பேன். சீட்டில் மிக்சரும் கிரீம் பிஸ்கட்டும் இருந்த இடத்தில் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் வந்தன. வீட்டில் இல்லாததை ராத்திரி பத்து மணிக்கு யாரும் எடுத்துத் தின்ன முடியாது. மனக்கட்டுப்பாட்டை நம்புவதைவிட அலமாரியை நம்பலாம்.

பூங்காவுக்கு இன்னும் போகிறேன். ஆனால் அதைவிட எனக்கு உதவியது, சாப்பிட்டு முடித்ததும் மொட்டைமாடியில் பத்து நிமிட நடை. இன்னொன்று தூக்கம். சிகாகோவில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகத் தூங்கும் 80 பேரில் ஒரு பகுதியினரை வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்குமேல் கூடுதலாகத் தூங்கவைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்டது நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது. ஒன்பது மணித் தொடரை விட்டால் நமக்கும் இது கிடைக்கும்.

இவற்றையெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் ஒரு மருந்தின் பெயர்கூடக் கிடையாது. பத்தில் ஆறு குறள்கள், முன்னால் தின்றது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, எவ்வளவு போதும் என்பதையே சுற்றி வருகின்றன.

இனி விளைவு. பதினோரு மாதத்தில் ஐந்தரைக் கிலோ இறங்கியது. நடுவில் தீபாவளிக்கு ஒரு கிலோ ஏறியது, தை பிறப்பதற்குள் போய்விட்டது. இப்போது இரண்டாவது வருடம். ஐந்தரை அப்படியே நிற்கிறது. சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. எடை மெஷினில் தினமும் ஏறுவதில்லை. தையல் பெட்டியில் இருக்கும் இன்ச் டேப்பை மாதம் ஒருமுறை இடுப்பில் சுற்றிப் பார்க்கிறேன். நம் நாட்டு உடம்புக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை. மொத்த எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்கிறார்கள். முப்பது கிலோ கனவு காண வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் சோற்றைக் குறைப்பதற்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் பிள்ளைகளும் அவர்களாகவே சோற்றைக் குறைக்க வேண்டாம். காயைக் கூட்டலாம், அதற்கு அவர்களுக்குத் தடையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் கைகழுவிக்கொண்டே, "பாட்டி, தொட்டுக்க என்ன?" என்று கேட்டான். தட்டில் ஏற்கெனவே கீரை மசியலும் பீன்ஸ் பொரியலும் குவிந்திருந்தன. அம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"சோறுதாண்டா" என்றாள்.

இந்த மாதம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எத்தனை கிலோ குறைத்தீர்கள் என்று எழுத வேண்டாம். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் எதை அடித்தீர்கள், அந்த இடத்தில் எதை எழுதினீர்கள் என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். காய் நறுக்க யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்