வாட்ச் பார்க்கும் நாடி… எதுவரை நம்பலாம்?

பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மாலை நடை போகும் தாத்தா பாட்டிகளை இப்போது திருக்கோகர்ணம் வீதிகளிலும் பார்க்கலாம். அந்த வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் நாடி பார்க்கிறது.

எப்படி?

ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்கள் லேசாக உப்பும். திரும்பி வரும் ஒளி குறையும். குழாய் தளர்ந்ததும் ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதே வகைதான். அதில் சிவப்பு, அகச்சிவப்பு ஒளி.

எண்ணிக்கை மட்டுமல்ல, துடிப்பலையின் வடிவமும் முக்கியம். வயதாலும் ரத்தக்கொதிப்பாலும் குழாய் விறைத்தால் அலை வேகமாக ஓடும், அதன் வடிவமும் மாறும். அதை வைத்து ரத்தக்குழாயின் நலத்தை ஆராய்கிறார்கள்.

எதற்கு உதவும்?

துடிப்பு தாறுமாறாகும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' பக்கவாதத்துக்கு வழிவகுக்கலாம். 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் வாட்ச் கட்டியிருந்தார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவிகிதம் பேருக்கு. அவர்களில் பிறகு ஈசிஜி பட்டை ஒட்டிக்கொண்டவர்களில் 34 சதவிகிதம் பேருக்கே அந்தக் கோளாறு பதிவானது. இது விட்டு விட்டு வரும் கோளாறு என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே, எச்சரிக்கை வந்தால் பதறவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கே ஏமாற்றும்?

வாட்ச் தளர்ந்திருந்தாலோ, கை ஆடினாலோ, பச்சை குத்திய இடத்தில் கட்டினாலோ கணக்கு தவறும். ரத்த அழுத்தத்துக்கு, கையில் பட்டை சுற்றிப் பார்ப்பதே நம்பகம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: மாரடைப்பை இந்த வெளிச்சம் கண்டுபிடிக்காது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்ற வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால், 'வாட்ச்சில் 78தானே காட்டுகிறது' என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள்.

வாட்ச் எண்ணிச் சொல்லட்டும். வலியை மனிதர்தான் சொல்ல வேண்டும்.