தப்பான நகலைக் கிழிச்சுப் போடும் செல்

1/ மரபணுவில் பிழை இருந்தா நோய் வந்தே தீருமா? இல்லை. தப்பான தகவலை அழிக்கவும் செல்லுக்குத் தெரியும்.

2/ மரபணுவோட நகல்தான் எம்ஆர்என்ஏ. அதைப் படிச்சுத்தான் புரதம் தயாராகுது. அப்புறம் நகலை செல் அழிச்சிடும். நகல் எவ்வளவு நேரம் தாங்குதோ, அதைப் பொறுத்துதான் புரதத்தோட அளவு. சிலது அரை மணி நேரத்துல காலி. ஹீமோகுளோபினுக்கான நகல் பல மணி நேரம் தாங்கும்.

3/ நகல்ல பாதியிலேயே 'நிறுத்து'ன்னு வந்துட்டா? அரைகுறை புரதம் செல்லுக்கே கேடு. அதனால அந்த நகலையே செல் முன்கூட்டி அழிச்சிடுது. இத்தாலியின் சார்டினியா தீவில் அதிகம் இருக்கும் பீட்டா தலசீமியா இப்படிப்பட்ட பிழைதான். இன்னொரு மரபணு நல்லா இருந்தா அவங்க வெறும் கேரியர். லேசான ரத்தசோகை, அவ்வளவுதான்.

4/ கணவன், மனைவி ரெண்டு பேருமே கேரியர்னா? ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பு, குழந்தைக்கு தலசீமியா மேஜர். மாசாமாசம் ரத்தம் ஏத்தணும்.

5/ சார்டினியாவில் 1970களில் கேரியர் பரிசோதனை தொடங்கினாங்க. 250 பிறப்புக்கு 1 என்றிருந்த நோய், சுமார் 4000க்கு 1 ஆகக் குறைஞ்சது.

6/ என் கருத்து: இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறலையா? திரும்பவும் அதே மாத்திரையை எழுதுறதுக்கு முன்னாடி தலசீமியா டெஸ்ட் பார்க்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியோ கர்ப்பத்தோட ஆரம்பத்துலயோ பார்த்தா இன்னும் நல்லது. பொண்ணுக்கு மட்டும் இல்லைங்க, மாப்பிள்ளைக்கும்.

7/ கேரியர்ங்கிறது நோய் இல்லை, யாரோட குறையும் இல்லை. செல் சத்தமில்லாம சமாளிக்குது, அதனாலதான் வெளியே தெரியறதில்லை. டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்.