பரீட்சை அட்டை போதுமே!



தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினி எங்க அக்காவிடம் இருக்கிறது. போன மாதம் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அது கொதித்து, பட்டென்று அணைந்துவிட்டது. அக்கா அழுதுவிட்டாள். "கூலிங் பேட் வாங்கணும்" என்றாள். அம்மா களையெடுத்துச் சேர்த்த பணத்தை எடுத்தாங்க.

நான் திருப்பிப் பார்த்தேன். அடியில் காற்று போகும் துளைகள்! அக்கா தினமும் தலையணை மேல்தான் வைப்பாள். நம்ம மூக்கைப் பொத்தினால் நாம சும்மா இருப்போமா? என் பரீட்சை அட்டை மேல் வைத்தோம். கடையில் கொடுத்துத் தூசியை எடுத்தோம். இப்போது அணைவதில்லை.

கூலிங் பேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால் அதன் விசிறி, மடிக்கணினியின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அது யூ.எஸ்.பி. வயர் வழியாக மடிக்கணினியிடமிருந்தே மின்சாரம் எடுக்கும். கரண்ட் இல்லாதபோது பேட்டரி சீக்கிரம் தீரும். நீல விளக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

முதலில் அட்டை, அடுத்து தூசி, கடைசியில்தான் காசு. இதுவே என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி